இன்னொரு படம்

எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் 'இன்னொரு படம்' என்று பட்டப்பெயர். ஒற்றைப் படத்தை வைத்து யாரையும் குற்றவாளியாக்க மாட்டார். அவசரப்படுத்தினால் எரிந்து விழுவார்.

ஒருநாள் வார்டுக்கு வந்த கைக்குழந்தைக்குக் கையெலும்பு முறிந்திருந்தது, விலாவில் பழைய முறிவும் இருந்தது. அப்பன்தான் அடித்திருக்கிறான் என்று வார்டே முடிவுகட்டிவிட்டது. டாக்டரம்மா உடம்பு முழுக்கப் படமெடுக்கச் சொன்னார். எல்லா எலும்பும் மெலிந்திருந்தது, மண்டையோட்டில் பொடிப்பொடியாய்க் கூடுதல் எலும்புகள். பிறவியிலேயே சட்டென்று முறியும் எலும்பு, யாரும் அடிக்கவில்லை.

டாக்டரம்மா வார்டுக்கே வந்து அதைச் சொன்ன பிறகும் குழந்தையின் அப்பா கையைக் கட்டிக்கொண்டே நின்றார்.

"பிள்ளையத் தூக்கலையா?"

"நான் தொட்டா எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டுமே! அக்குள்ல பிடிக்காதீங்க. தலைக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. ம், தூக்குங்க."

தூக்கினார். வார்டே பார்த்தது. அதற்காகத்தான் டாக்டரம்மா படம் பார்க்கும் தன் இருட்டறையை விட்டு வந்திருந்தார்.