குணலட்சுமி வைத்த பூ

இணுவிலில் குணலட்சுமியைப் பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். "ஆர், மங்குத் தட்டிலை மூண்டு கொப்பைக் குத்தி வைச்சுப்போட்டு, அதையே பாத்துக்கொண்டு இருக்கிற மனுசியோ?" என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குணலட்சுமியும் மூட முயன்றதில்லை.

அந்தப் பழக்கம் அவளுக்கு வெள்ளவத்தையில் தொற்றியது. புருஷன் பஞ்சலிங்கம் கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்கர். பிள்ளைகள் இல்லை. துறைமுக வேலைக்கென்று வந்திருந்த ஒரு யப்பான் எஞ்சினியரின் மனைவி, சனிக்கிழமைகளில் ஆறு பெண்களைக் கூட்டிவைத்துப் பூ வைக்கப் பழக்கினாள். மொரி அம்மா என்று பெயர். அவளுக்கு இங்கிலீஷ் அரைகுறை, குணலட்சுமிக்கு அதைவிடக் குறைவு. ஆனாலும் பாடம் ஏறிவிட்டது. ஒரு நெடிய கொப்பு, ஒரு நடுத்தரம், ஒரு கட்டை. மிச்சம் எல்லாம் வெளி. வெளியைப் பூவால் அடைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதல், பூவில் கைவைக்க முன்னரே, ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பார்க்கிறவர் எங்கே நிற்பார்? அந்த இடத்தை முடிவுசெய்த பிறகுதான் கத்திரிக்கோலை எடுக்கலாம். இந்தப் பூவுக்கு முகம் உண்டு, முதுகும் உண்டு என்று மொரி அம்மா தன் முகத்தையும் முதுகையும் தொட்டுக் காட்டுவாள்.

"மூண்டு பூவுக்கு மூண்டு மணித்தியாலமோ? சாமிக்கு வைச்சாலும் புண்ணியம் கிடைச்சிருக்கும்," என்று பஞ்சலிங்கம் பகிடி பண்ணுவார். பகிடி பண்ணுகிற அதே மனிதர்தான், வேலை முடிந்து வரும்போது காலிவீதி மரங்களில் வளைந்த கொப்பாகப் பார்த்து முறித்து, சன நெரிசலில் பஸ்ஸுக்குள் நாலு பேரின் கண்ணைக் குத்தாத குறையாகக் கொண்டுவந்து சேர்ப்பார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. உடுத்த துணியோடு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, இணுவிலில் பஞ்சலிங்கத்தின் தாய்வழி வீட்டில் குடிபுகுந்தார்கள். அவர்களுடைய படமென்று உலகத்தில் மிஞ்சியது ஒன்றுதான். சுன்னாகத்தில் பஞ்சலிங்கத்தின் தமையன் ஆழ்வாப்பிள்ளை வாத்தியார் வீட்டில் மாட்டியிருந்த கலியாணப் படம். அதை அவர் கொண்டுவந்து கொடுத்தார். விறாந்தையைத் தாண்டியதும் வருகிற பெரிய அறையில், வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டினார்கள். பார்க்கிறவருக்கு இடப்பக்கம் அவர், வலப்பக்கம் அவள்.

பென்சனுக்கு இன்னும் சில வருடம் கிடந்ததால் பஞ்சலிங்கம் மறுவருடமே கொழும்புக்குத் திரும்பினார். வருடத்தில் மூன்று தடவை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் குணலட்சுமியும் பூவும்தான். யப்பான் பூவுக்கு ஈயக்கட்டியில் பித்தளை ஊசி அடித்த ஒரு தாங்கி வேண்டும். அவளுடையது வெள்ளவத்தையில் உருகிப்போயிற்று. வாழைத்தண்டைத் துண்டாக வெட்டித் தட்டில் இருத்தி அதில் குத்தினாள். வேலியில் கிளுவை, முற்றத்தில் செவ்வரத்தை, நித்தியகல்யாணி. மரக்கறிச் சந்தைக்குப் போய் மரக்கறியை மறந்து ஒரு வளைந்த முருங்கைக் கொப்போடு திரும்பிய நாளும் உண்டு. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அது நல்ல அவல்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில், லீவு முடிந்து பஸ் ஏறிய பஞ்சலிங்கம் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. அவர் புறப்பட்டு இரண்டு நாளில் சண்டை தொடங்கியது. பாதை அறுந்தது, ரயில் நின்றது. வவுனியாவில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. ஆழ்வாப்பிள்ளை எழுதாத கந்தோர் இல்லை. வந்த இரண்டொரு பதிலிலும் அப்படி ஓர் ஆள் எங்களிடம் இல்லை என்றுதான் இருந்தது.

மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, வானத்தில் குண்டு போடுகிற பொம்மர். குணலட்சுமி பூ வைத்தாள். "புருஷனைக் காணேல்லை, இவளுக்குப் பூக் கேக்குது," என்று கிணற்றடியில் கதைத்தார்கள். அவளுக்குக் கேட்கும்படியாகத்தான் கதைத்தார்கள். ஆனால் அவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். குசினி யன்னலில் பூ இருக்கும், விறாந்தையில் இருக்கும், ஒருநாள் கிணற்றுக்கட்டில்கூட இருந்தது. அந்தக் கலியாணப் படத்துக்குக் கிட்ட மட்டும் ஓர் இதழ் இராது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் படத்துக்குப் பூ வைத்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். குணலட்சுமி பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொப்பு அதுதான்.

மூன்று வருடம் பிடித்தாள். தொண்ணூற்று மூன்று ஆடியில் ஆழ்வாப்பிள்ளை வந்து கதிரையில் இருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர் செய்கிற கெடுதிக்குத்தான் மருந்து கிடையாது.

"பிள்ளை, தம்பி கனவிலை வாறான். தண்ணி கேக்கிறான். நானும் எழுபதைத் தாண்டீட்டன். நான் போனால் அவனுக்குக் கடமை செய்ய ஆர் இருக்கினம்?"

"அவர் இருக்கிறார் அத்தான்."

"இருந்தால் மூண்டு வருசத்திலை ஒரு காயிதம் வராதோ?"

எங்கள் ஊருக்குக் காயிதம் வருகிற லட்சணம் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் வேறு வீடுகளுக்கு எப்படியோ சுற்றிவளைத்து வந்துகொண்டுதான் இருந்தது. தண்ணி கேக்கிறான் என்ற சொல் அவளைத் தின்றது. ஒருவேளை உண்மையாகவே தவித்துத் திரிகிறாரோ, தன் பிடிவாதத்தால்தான் அவருக்கு ஒரு சொட்டு எள்ளுத்தண்ணீர் கிடைக்கவில்லையோ என்று எட்டு நாள் அழுதாள். ஒன்பதாம் நாள் ஓம் என்றாள்.

உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உரு செய்து எரிப்பது முறை. செய்தார்கள், எரித்தார்கள். தாலியைக் கழற்றினாள், பொட்டை அழித்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. கீரிமலைப் பக்கம் ஆமி நின்றதால் வேறொரு தீர்த்தக்கரையில் செய்வதென்று முடிவாயிற்று.

அன்று காலை ஆழ்வாப்பிள்ளை படத்துக்கென்று ஒரு மாலை கொண்டுவந்தார்.

"மாலை வேண்டாம் அத்தான். அது ரெண்டு பேருக்கும் சேத்தெல்லோ விழும். நான் பூ வைக்கிறன்."

சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி உயரமான ஸ்டூலைப் போட்டாள். சுவரோடு ஒட்டினால் கொப்புக்கு மூச்சுவிட இடம் இருக்காது. பார்க்கிறவர் எங்கே நிற்பார் என்று தன்னைக் கேட்டாள். வாசலில். வாசலில் போய் நின்று பார்த்தாள், வந்து வெட்டினாள், திரும்பப் போய் நின்றாள். நெடிய கிளுவைக் கொப்பு இடப்பக்கம் எழுந்து, அதன் நுனி சரியாக அவர் முகத்துக்கு முன்னால் தாழ்ந்தது. கீழே இரண்டு வெள்ளை நித்தியகல்யாணி. அவள் பக்கம் வெறும் வெளி. இந்தப் பூ அவருக்குத்தான், எனக்கில்லை என்று வாய்திறந்து சொல்வதுபோல அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. அத்தனை வருடத்தில் அதைவிட நன்றாக ஒன்றை அவள் வைத்ததில்லை. பக்கத்தில் நல்லெண்ணெய் விளக்கை ஏற்றினாள். காற்றுக்காக யன்னல் கதவைத் திறந்துவிட்டு, வாசலைப் பூட்டிக்கொண்டு எல்லோரோடும் தீர்த்தக்கரைக்குப் போனாள். பின்னேரம் திரும்பியபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு நாலு நாளுக்கொருக்கால், பழையது வாட, அதே இடத்தில் அதே மாதிரிப் புதிதாக வைத்துவந்தாள். வேறெங்கும் வைக்கவில்லை.

மறுவருடம் மாசியில் ஒரு காலைப்பொழுது, ஒரு துணிப்பையோடு ஒருவன் படலையைத் தட்டினான். நாற்பது வயதிருக்கும். மட்டுவில் ஆள், ஏரம்பு என்று பெயர் சொன்னான்.

"ஆழ்வாப்பிள்ளை வாத்தியாரைப் பாக்கவேணும். இந்த வீட்டுக்காரர் பஞ்சலிங்கண்ணையின்ரை தமையனாராம். இந்தப் பையைக் குடுக்கவேணும்."

"அவர் சுன்னாகத்திலை. என்னட்டைத் தாருங்கோவன். நான் பஞ்சலிங்கத்தாற்றை மனுசி."

ஏரம்பு அவளைப் பார்த்தான். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தான். பிறகு படலைக் கதியாலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டான்.

அவன் சொன்னதை அவள் நின்றபடியே கேட்டாள். தொண்ணூறில் பாதையில் வைத்துப் பஞ்சலிங்கத்தை ஆமி பிடித்திருக்கிறது. கேள்வியில்லாமல் முகாம், பிறகு மறியல்சாலை. கடைசி இரண்டு வருடம் ஏரம்புவும் அவரும் ஒரே அறை. தொண்ணூற்று மூன்றில் இரண்டு பேரையும் விட்டார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். பஞ்சலிங்கத்துக்கு இரத்தத்தில் சீனி ஏறிய சலரோகம், கால் வீங்கி, ஊருக்குக் கிடந்த ஒரே வழியான கிளாலியில் தண்ணிக்குள் இறங்கிப் படகு ஏற இயலாது. அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஏரம்பு தாயைப் பார்க்க வந்தபோது அவனிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்.

"வந்தனான் அக்கா. ஆவணியிலை, ஒரு மத்தியானம். வீடு பூட்டிக்கிடந்தது. யன்னலாலை எட்டிப் பாத்தன். கலியாணப் படம். முன்னாலை விளக்கு, பூ. சைக்கிளிலை போன ஒருத்தரைக் கேட்டன். அந்தியேட்டிக்குப் போட்டினம், பொழுதுபடத்தான் வருவினம் எண்டார்."

"ஆருக்கு அந்தியேட்டி எண்டு கேக்கேல்லையோ?"

"என்னத்துக்குக் கேக்க? படத்திலை இருக்கிறது ரெண்டு பேர். ஒராளோடை நான் ரெண்டு வருசம் ஒண்டாச் சாப்பிட்டனான்." அவன் அழத் தொடங்கினான். "மாசம் முதலாந் திகதி நான் கொழும்புப் பொலிசிலை கையெழுத்து வைக்கவேணும். அண்டைக்குப் படகை விட்டால் பிறகு எப்ப எண்டு தெரியாது. செத்தவவுக்கு வந்த காயிதத்தை ஆரிட்டைக் குடுக்கிறது எண்டு திருப்பிக் கொண்டுபோட்டன்."

"அவரிட்டைச் சொன்னியோ?"

"சொன்னன். அடுத்தநாள் முகத்துவாரத்துக்குப் போய்த் தலையை மழிச்சு உங்களுக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சார். பிறகு மருந்தைத் தொடேல்லை. எடுங்கோ அண்ணை எண்டால், இனி ஆருக்கடா எண்டு கேப்பார். மார்கழியிலை முடிஞ்சுது."

அவர் உயிரோடு இருக்க இங்கே அவருக்கு எள் இறைத்தார்கள். இவள் உயிரோடு இருக்க அங்கே அவர் இவளுக்கு இறைத்தார். எந்தப் பாவிக்கும் இப்படி ஒன்று வரவேண்டாம்.

பைக்குள் அவர் உடுத்திய இரண்டு சாரம், ஒரு கண்ணாடி, ஒட்டியபடியே அந்தக் கடிதம். குணலட்சுமி அதைக் கிழித்து வாசித்தாள். நாலு வரிதான். 'குணம், மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நீ இருக்கிறாயென்றால் ஏரம்புவிடம் ஒரு வரி எழுதிக் கொடு. ஆரையும் பிடித்துத் தூக்கச்சொல்லியாவது வந்து சேருவேன். இன்னும் கொப்பு முறிக்கிறாயோ?'

அவள் அழவில்லை. வாசலால் நேரே அறையைப் பார்த்தாள். நேற்று வைத்த பூ. நுனி அவர் முகத்தின்மேல். அதில் ஒரு பிழையும் இல்லை.

"எனக்குத்தான் பூ எண்டு எப்பிடி நினைச்சனீ? கொப்பு அவற்றை பக்கமெல்லோ நிக்குது," என்றாள். குரல் எழும்பிவிட்டது. "அந்தா, பார்! அவருக்கெண்டு தெரியேல்லையோ?"

ஏரம்பு எழும்பி வந்து வாசலில் நின்று பார்த்தான். குழம்பினான்.

"இல்லை அக்கா. நான் கண்டது இப்பிடி இல்லை. பொம்பிளையின்ரை முகத்துக்கு மேலை நிண்டது."

"எங்கை நிண்டு பாத்தனீ? காட்டு."

அவன் வீட்டைச் சுற்றி இடப்பக்கம் போனான். அவள் பின்னால் போனாள். மொரி அம்மாவிடம் படித்த நாள் தொடங்கி ஒருநாளும் அவள் தான் வைத்த பூவைப் பக்கவாட்டில் நின்று பார்த்ததில்லை. அந்தப் பக்கம் வேலிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டும் நடக்கிற ஒடுக்கம். திறந்திருந்த யன்னலைக் காட்டிவிட்டு அவன் விலகி நின்றான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வைத்தாள்.

சுவரில் படம், முன்னால் விளக்கு. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்ற கொப்பு, அந்தச் சாய்வில் பஞ்சலிங்கத்தைத் தாண்டி, அவளுடைய முகத்துக்கு முன்னால் வந்து தாழ்ந்து நின்றது. அவர் பக்கம் வெறும் வெளி.

ஏரம்பு பிழையாகப் பார்க்கவில்லை.