தம்பியின் மிஷினும் என் சிவப்பு வண்டியும்

எனக்கும் என் தம்பிக்கும் சொத்துத் தகராறு வந்ததில்லை. வண்டி கழுவுவதில்தான் தகராறு வந்தது.

நாமக்கல் பக்கம் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை எங்களுடையது. அதில் பெயிண்ட் அடிக்கும் பகுதி என் பொறுப்பு. பழைய இரும்போடு இரும்பாக ஒருநாள் அங்கே வந்து சேர்ந்ததுதான் என் சிவப்பு வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு ஒட்டிய உடம்பு, நீண்ட மூக்கு, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது என்றார்கள். என்னிடம் வந்தபோது சீட்டில் கோழி அடைகாத்த தடம்தான் இருந்தது. எஞ்சினைப் பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். தகரத்தைத் தட்டி நிமிர்த்தியது, தேய்த்தது, பெயிண்ட் அடித்தது, கூரைத் துணியைத் தைத்தது எல்லாம் நான். அதனால் அந்த வண்டியை என்னைத் தவிர யாரும் கழுவக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன்.

கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. நிழலில் நிறுத்தி எஞ்சின் சூடு ஆறவேண்டும். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழே வரவேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. கம்பிச் சக்கரங்களுக்குப் பழைய பல் பிரஷ். துடைக்க நைந்துபோன வேட்டி. கதவோரத்தில் பெயிண்ட் எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். அங்கே போனதும் கை தானாக மெதுவாகிவிடும்.

தம்பி கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்து, கொல்லிமலை அடிவாரத்தில் ஆட்டோமேட்டிக் கார் வாஷ் போட்டான். காரை உள்ளே விட்டால் நுரை பொழியும், ஆளுயர பிரஷ்கள் சுழன்று தேய்க்கும், கடைசியில் சூடான காற்று அடித்துக் காயவைக்கும். மலையேறிவிட்டுச் சேறும் சகதியுமாக இறங்கும் வண்டிகளெல்லாம் தன் கடையில் வரிசைகட்டும் என்று கணக்குப் போட்டான். அந்தக் கணக்கில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் திறப்பு விழாவன்று முதல் வண்டியாக என் சிவப்பு வண்டிதான் உள்ளே போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அதைப் படம் பிடித்துப் போட்டால் ஊரே வரும் என்றான். அந்தப் பிரஷ் என் பெயிண்டைக் கீறும், கூரைத் துணியைப் பிய்த்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நான் ஒரு பழைய பஞ்சாங்கம் என்று சிரித்தான். லாரிக்குப் பெயிண்ட் அடித்தே தலை நரைத்தவளிடம் பெயிண்டைப் பற்றிப் பாடம் நடத்தினான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

விழாவுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது கொல்லிமலைமேல் இருக்கும் வளப்பூர் நாடு என்ற ஊருக்குப் போனோம். மிளகும் மரவள்ளியும் போடும் ஒரு குடும்பம் அங்கே எங்களுக்கு நெடுநாள் பழக்கம். நேரில் போய் அழைக்காவிட்டால் மரியாதையாக இருக்காது. இருவரும் ஒரே வண்டியில் உட்காரும் நிலைமையில் இல்லை. அவன் புது வெள்ளைக் காரில் ஏறினான், நான் சிவப்பு வண்டியில் ஏறினேன். இரவு அங்கேயே தங்கினோம். வண்டிகளை வீட்டுக்குப் பக்கத்துப் பலாமரத்தடியில் விட்டிருந்தோம். பனி இறங்குமென்று என் துணிக்கூரைமேல் மட்டும் சாக்கை மடித்துப் போட்டிருந்தேன்.

விடிந்து பார்த்தால் குரங்குகள் வேலையைக் காட்டியிருந்தன. மரத்திலேயே பழத்தைப் பிய்த்துத் தின்று, சக்கையையும் தோலையும் வண்டிகள்மேல் எறிந்திருந்தன. காய்களையும் கடித்துப் போட்டிருந்ததால் இரண்டு வண்டிகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பலாப்பால். தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

"ஏனக்கா, வாளியத் தூக்கிட்டு நாள் பூராத் தேச்சுக்கிட்டு நிப்பியா? பேசாம எம்பொறகால வா. மிசினுக்குள்ள உட்டா அஞ்சு நிமிசம்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பந்தயம் கட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குள் என் வண்டி கையாலேயே சுத்தமாகாவிட்டால், விழாவன்று அது பிரஷ்ஷுக்கு அடியில் போகும். ஆகிவிட்டால், அந்தப் பேச்சை அவன் ஜென்மத்துக்கும் எடுக்கக்கூடாது. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் சாட்சி. தம்பி சந்தோஷமாக ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கிப்போனான்.

சோப்புத் தண்ணீரில் தொட்ட முதல் இழுப்பிலேயே என் திமிர் அடங்கிவிட்டது. பால் போகவில்லை. ரப்பர்போல இழுபட்டுத் துணியில் ஒட்டியது. வெந்நீர் வாங்கி ஊற்றினேன், இன்னும் பரவியது. நகத்தால் எடுக்கப் பார்த்தால் பெயிண்டும் கூட வரும்போல இருந்தது. தின்னர் போட்டால் பாலும் போகும், பெயிண்டும் போகும். வெயில் ஏற ஏறப் பால் இறுகிக்கொண்டே வந்தது. அந்த ஆளுயர பிரஷ் என் கூரைத் துணிமேல் சுழல்வது கண்முன் வந்தது. பந்தயம் கட்டிய வாயை நானே திட்டிக்கொண்டேன்.

அப்போது வீட்டுக்கார அம்மா, வேலையை விட்டுவிட்டுக் கொஞ்சம் சுளை தின்னும்படி கூப்பிட்டார். அறுக்க ஒரு பழத்தை எடுத்து வைத்திருந்தார். அரிவாளை நான் வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த கிண்ணத்தில் விரலை விட்டு இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெயைப் பூசினேன். பலாப்பழம் அறுக்கும் யாரும் யோசிக்காமல் செய்கிற காரியம். எண்ணெய் பூசிய கையில் பால் ஒட்டாது, ஒட்டினாலும் எண்ணெய் தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பாதிப் பழத்தை அறுத்த பிறகுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து பலாப்பழம் தின்னும் அக்காளும் தம்பியும் நாங்கள்; அதன் பாலுக்கு நான் சோப்பைத் தேடியிருக்கிறேன், அவன் மிஷினைத் தேடி மலையிறங்கியிருக்கிறான். தலையில் அடித்துக்கொண்டு கிண்ணத்தோடு வண்டிக்கு ஓடினேன்.

எண்ணெயைத் தடவிக் கொஞ்சம் ஊறவிட்டு, வேட்டித் துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுத்தேன். பால் சுருண்டு சுருண்டு வந்தது. மெலிந்த இடங்களில் துணிகூட வேண்டாமென்று விரல் நுனியாலேயே எடுத்தேன். பிறகு எண்ணெய் போகச் சோப்பு, அப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் துடைப்பு. என் சிவப்பு திரும்பி வந்தது. ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரர் மரவள்ளித் தோட்டத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, நேற்று வந்ததைவிட இன்றைக்குத்தான் நன்றாயிருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சாப்பிட உட்காரும் நேரத்தில் கீழிருந்து வரும் பஸ் நின்றது. அதிலிருந்து தம்பி இறங்கினான். காரில் போனவன் பஸ்ஸில் வருகிறானே என்று எழுந்து நின்றேன். கிட்டே வந்தபோது பார்த்தால் சட்டை, கை, முன்மயிர் எல்லாம் பால். மெல்ல மெல்லத்தான் சொன்னான். பிரஷ் முதல் சுற்றிலேயே பாலை வாரியெடுத்துக் கார் முழுக்கப் பூசிவிட்டதாம். சூடான காற்று அதை அப்படியே காயவைத்துவிட்டதாம். முன்கண்ணாடியில் பாதை தெரியாமல் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். பிரஷ் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சடையாகிவிட்டனவாம், அதைக் கையால் பிரிக்கப் போய்த்தான் இவன்மேலும் பாலாம்.

பேசிக்கொண்டே என் வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான், ஒரு பால் பொட்டுகூடக் கிடைக்கவில்லை. நான் எண்ணெய்க் கிண்ணத்தை அவன் முன்னால் நீட்டினேன். கிண்ணத்தைப் பார்த்தான், பலாமரத்தைப் பார்த்தான், தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை என் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து அவனை இறக்கிக்கொண்டு வந்தேன். கூரையை மடக்கிவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு மேலேயே ஹாரன் அடித்தேன். அடுத்த இரண்டு நாளும் அவன் வேலை என்னவென்றால், வெள்ளைக் காரைக் கையால் துடைப்பது, பிறகு பிரஷ் நார்களை எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாக உருவுவது. வண்டி கழுவும் மிஷினை என் தம்பி கையால் கழுவினான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வட்டமாகத் தேய்க்காதே கண்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசித்து நான் காபி குடித்ததில்லை.

விழா நன்றாக நடந்தது. எங்கள் சித்தப்பாவின் கார் முதலில் உள்ளே போய்ச் சுத்தமாக வெளியே வந்தது, நானும் கை தட்டினேன். என் வண்டி வாசலில் நின்றது. படம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். அவர்களில் ஒருவர் தம்பியிடம், சிவப்பு வண்டியை எப்போது உள்ளே விடப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி குறுக்கே வந்து நின்றான்.

"அது உள்ள போகாதுங்க. அதுக்கு எங்கக்கா கைதானுங்க வேணும்."