தலைகீழாக ஒட்டிய எண்கள்

ஹோட்டலில் எல்லோரும் அவளை மாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சமையலறையும் வரவேற்பும் கீழே. இரண்டு மாடிகளில் இருந்த நாற்பத்திரண்டு அறைகளும் அவள் பொறுப்பு. பல வருடம் படுக்கை விரித்து, குளியலறை தேய்த்து, பிறகு அதைச் செய்கிறவர்களைச் சரிபார்க்கும் வேலைக்கு உயர்ந்தவள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் வாசலில் நின்றே சொல்லிவிடுவாள்.

விரல் நுனிகள் எப்போது மரத்துப்போயின என்று அவளுக்கே தெரியாது. சர்க்கரை வந்து ஒன்பது வருடம். ஒருநாள் இஸ்திரிப் பெட்டியில் கை பட்டுத் தோல் கன்றியிருந்தது. கருகிய வாடை வந்த பிறகுதான் பார்த்தாள். வலிக்கவில்லை. வலிக்காதவரை நல்லதுதான் என்று மருந்தைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பயம் என்றுகூட இல்லை, வாய் வரவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு எதற்குமே வாய் வரவில்லை. மகள் போனில் வேலை உயர்வு கிடைத்ததைச் சொன்னபோது "சரி சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்துவிடுவாள்.

அப்படி ஒரு நாளில்தான் மேனேஜர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கண் தெரியாத விருந்தினர்கள் தடவிப் படிக்கும் அறை எண்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டைகளில் புள்ளி புள்ளியாக மேடிட்டிருந்தன. எது எந்த அறைக்கு என்று உறையில் எழுதியிருந்தது. எது மேல், எது கீழ் என்று எழுதவில்லை. மேல் ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று உண்டு, விரலுக்குத் தட்டுப்படும்படி. அவள் விரலுக்குத் தட்டுப்படவில்லை. உறையிலிருந்து எடுத்த வாக்கிலேயே கதவுக்குக் கதவு ஒட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் போட்டோ எடுத்து ஹோட்டலின் இணையப் பக்கத்தில் போட்டார்.

இரண்டு வருடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பயிற்சி வகுப்புக்காக ஒரு பெண் வங்கி அதிகாரி வந்து தங்கினார். நாற்பது வயதிருக்கும், கையில் வெள்ளைக்கோல். முதல்நாள் மாலை அவர் நடைவழியில் ஒவ்வொரு கதவாகத் தடவிக்கொண்டிருப்பதை மாடியக்கா பார்த்தாள்.

"என்னங்கம்மா தேடுறீங்க?"

"என் ரூமைத்தான். எரநூத்தி ஏழு." அவர் சிரித்தார். "உங்க ஹோட்டல்ல நம்பரெல்லாம் சிரசாசனம் பண்ணுதே!"

"அப்படீங்களா?"

"இங்க தொட்டுப் பாருங்க. மூணு புள்ளி நெட்டுக்க இருக்கா? அது நம்பர்னு சொல்ற அடையாளம். மொதல்ல வரணும், கடைசியில வருது." அவர் மாடியக்காவின் விரலைப் பிடித்துப் புள்ளிகள்மேல் வைத்தார்.

விருந்தினர் எது சொன்னாலும் "ஆமாங்க" என்பதுதான் அவள் பழக்கம். அன்று வேறு வார்த்தை வந்தது.

"எனக்குத் தெரியலைங்க."

"கொஞ்சம் அழுத்தி."

"விரல்ல உணர்ச்சியே இல்லைங்க."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "சர்க்கரையா?"

"ம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இல்ல."

"வீட்ல?"

"சொல்லல."

அவர் அறிவுரை சொல்லப்போகிறார் என்று மாடியக்கா காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. "சரி, கண்ணு இருக்குல்ல? அப்ப பாத்துப் படிங்க," என்றார்.

மறுநாள் காலை எண்கள் தலைகீழாக இருப்பதை மேனேஜரிடம் சொன்னாள். அவர் தலையில் கை வைத்தார். "விடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது?"

"எரநூத்தி ஏழுக்குத் தெரியும் சார்."

முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தாள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் புள்ளிகளுக்கு நிழல் விழுந்தது. நிழலைப் பார்த்து, மூன்று புள்ளி முதலில் வரும்படி திருப்பி, புது டேப் வைத்து ஒட்டினாள். மாலை வகுப்பு முடிந்து வந்த அதிகாரி இரண்டு மாடியும் நடந்து தடவிப் பார்த்தார்.

"எரநூத்திப் பதினொண்ணு மட்டும் இன்னும் சிரசாசனத்துலருந்து எறங்கல," என்றார்.

அதை உரிக்கும்போதுதான் மாடியக்கா தன் கட்டைவிரலில் இருந்த பெரிய கொப்புளத்தைப் பார்த்தாள். உலர்த்தியின் சூடு பட்டிருக்க வேண்டும். எப்போது பட்டது என்று தெரியவில்லை. யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி ஊருக்குப் போய்விட்டார். அந்த வார விடுப்பில் அவள் மருத்துவரிடம் போனாள். அவர் நைலான் இழையால் விரல்களிலும் பாதங்களிலும் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். பெரும்பாலும் "இல்ல" என்றாள். போனது திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் அவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மேனேஜரிடம் விரல் விஷயத்தையும் சொன்னாள். அவர் அதன்பிறகு அவளைச் சூடான எதையும் தொடவிடவில்லை. அதற்குப் பதிலாக, பார்வையில்லாத விருந்தினர் வந்தால் அறைக்குள் கூட்டிப்போய், கட்டில் எங்கே, சுவிட்ச் எங்கே, வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று சொல்லும் வேலையைக் கொடுத்தார். நன்றாகவே செய்தாள். சந்தோஷம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்காரரிடம் ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னாள். அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஏன்டி இத்தன நாளா சொல்லல?"

"என்னமோ, தோணல."

மறுநாள் காலை குளிக்கப் போனாள். அவர் அவளுக்கு முன்னே உள்ளே போய், வாளி வெந்நீரில் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தார். இரண்டு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றிக் கலக்கினார்.

"இப்பப் போ," என்றார்.

சரி என்று போனாள்.