புளியில் ஊறிய அம்மோனைட்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறையில் எங்கள் மலையூரான ஜமுனாமரத்தூர் வந்தபோது, கட்டட வேலைக்காகச் சமவெளியிலிருந்து லாரியில் வந்திறங்கிய சுண்ணாம்புக்கல் குவியலில், ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட கல் ஒன்று கிடைத்தது. கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன உயிர். நான் கண்டெடுத்த முதல் புதைபடிவம். பேராசிரியர் அதன் இனத்தைச் சொல்லிவிட்டால், என் பெயர் எழுதிக் கல்லூரி அலமாரியில் வைப்பார்கள்.

பளிச்சென்று கொண்டுபோக நினைத்துப் புளிக்கரைசலில் ஊறவைத்தேன்.

“புளி பட்டா சுண்ணாம்புத் தரையே பொரிஞ்சி பூடும். கல்ல ஏன்டி அதுல போடற?” என்றாள் அம்மா.

“இது கடல் பிராணி. உனுக்கு இன்னா தெரியும்?” என்றேன்.

மாலையில் எடுத்தபோது கல்லைச் சுற்றி நுரை. மேலிருந்த மெல்லிய கோடுகள் மழுங்கிவிட்டன.

கல்லூரி திறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேராசிரியர் லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மோனைட்தான். எந்த இனம்னு சொல்ல மேல இருக்கற மெல்லிசு கோடு வேணும்மா. எதுலயாவது ஊறவச்சியா?”

“இல்ல சார், கிடைச்சப்பவே இப்படித்தான்.”

கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சுண்ணாம்புக்கல்லில் அமிலம் பட்டால் நுரைக்கும் என்று முந்தின மாதம்தான் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அமிலம் என்றால் சோதனைச்சாலைப் புட்டியில் மட்டுமே இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

ஊருக்குப் போனதும் அம்மா கேட்டாள், “அதுக்குப் பேரு இன்னா சொன்னாங்க?”

பாடப்புத்தகத்திலிருந்த ஒரு நீளமான பெயரைச் சொன்னேன். வாயில் நுழையாமல் சிரித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனாள்.

கல் கெட்டதைக்கூட மறந்துவிடலாம். நீ சொன்னதுதான் சரி என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.