வராத மூன்றாவது அட்டை

மேசைப்பந்து மட்டையைப் போன்ற மஞ்சள் தட்டு ஒன்று அண்ணியின் முகத்துக்கு நேரே உயர்ந்த கணம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தங்கா பத்துக் கடற்கரைச் சாலை. காலை வெயில் அப்போதுதான் தாரின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. தட்டை உயர்த்தியவர் வெள்ளைத் தொப்பி அணிந்த நடுவர். நிறுவையில் விரல் வைத்து எடை கூட்டும் பாசார்ச் சந்தை மீன்காரரைப் பார்ப்பதுபோல் அண்ணி அவரைப் பார்த்தார். கால்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன. கண்கள் மட்டும் சற்றுப் பின்தங்கி நின்று சண்டையை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன.

அண்ணி நெடுந்தொலைவு வேகநடையில் மலாக்கா மாநிலத்துக்குப் பலமுறை வாகை சூடித் தந்தவர். அந்தப் போட்டியின் விதிகள் என் குடும்பத்தில் எவருக்கும் நெடுங்காலம் விளங்கவே இல்லை. எந்தக் கணத்திலும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். முன்னே ஊன்றும் காலின் முழங்கால், உடல் அதன் மேல் நிமிரும்வரை மடங்கக் கூடாது. ஐயம் எழுந்தால் நடுவர் மஞ்சள் தட்டைக் காட்டி எச்சரிப்பார். பிழை உறுதியானால் சிவப்பு அட்டை எழுதி அனுப்புவார். மூன்று நடுவர்கள் ஆளுக்கோர் அட்டை எழுதிவிட்டால் வீராங்கனை வெளியேற வேண்டியதுதான். இவ்வளவையும் அண்ணி ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். “அவசரமா போகணும், ஆனா ஓடிரக் கூடாது. மாமியா வீட்டுல இருக்கற மாதிரிதான்லா.” இதை அம்மா காதில் விழும்படியாகவே சொல்வார்.

மணமாகி நியாலாஸ் அருகிலிருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்த புதிதில், செம்பனை வரிசைகளுக்கு இடையே செம்மண் பாதையில் அவர் பயிற்சி செய்தார். இடுப்பு வலமும் இடமுமாக வெட்டித் திரும்ப, முழங்கைகள் காற்றைக் குத்த, முகத்தில் ஆழ்ந்த கவலையோடு ஒரு புதுப்பெண் விரைவதைக் கண்டவர்கள் அதற்கு ஒரே காரணத்தைத்தான் ஊகித்தார்கள். லாரியை நிறுத்தி, “வயித்துக்கு ஒத்துக்கலையாம்மா? ஏறிக்க, வீட்டுல விட்டுர்றேன்” என்று அன்போடு அழைத்த ஓட்டுநர்கள் உண்டு. அம்மாவுக்கு இது தாளவில்லை. “நடக்கட்டும், வேணாங்கல. பொம்பள மாதிரி நடக்கக் கூடாதா?” என்பார். அண்ணனோ இரண்டு பக்கமும் பேசமாட்டார். கோவில் உறுமி மேளக் குழுவுக்கு அவர் தலைவர். பேச வேண்டியதையெல்லாம் தோலிடமே பேசிப் பழகியவர்.

பின்னர்க் குடும்பம் செங் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அண்ணி தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவில் சேர்ந்தார்; நடையை விடவில்லை. நாற்பதை நெருங்கும்போதுதான் சோதனை வந்தது. முந்தைய ஆண்டு மாநிலப் போட்டியில் மூன்று அட்டை வாங்கி, பாதியில் வெளியேற்றப்பட்டார். அவருடைய பயிற்றுநர், ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர், ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்: இம்முறையும் அட்டை வாங்கி வெளியேறினால் மாநில அணியில் இடமில்லை, அந்த இடத்துக்கு ஓர் இளம்பெண் காத்திருக்கிறாள். அன்றிரவு அண்ணி சோறு பிசைந்தபடியே சொன்னார். “இதுல போச்சுன்னா அப்புறம் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கறதுதான் நடை.” எவரும் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களுள் அண்ணனும் இருந்தார். மறுநாளே ஒரு பேருந்தை ஏற்பாடு செய்தார்; போட்டியன்று பழைய தோட்டத்து மக்களைத் திரட்டிக்கொண்டு, அண்ணிக்குத் துணைநிற்கப் புறப்பட்டுவிட்டார்.

வந்தவர்களில் எவரும் வேகநடைப் போட்டியைக் கண்டதில்லை. சாலையை அடைத்து, இருமருங்கும் மக்கள் நிற்க, ஒருவர் உடலை வருத்தி நடந்து வருவது அவர்களுக்குத் தெரிந்த ஒரே நிகழ்ச்சியில்தான். அது காவடி. ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பதில் அவர்களுக்கு எள்ளளவும் ஐயமில்லை. சாலை வளைந்து திரும்பும் இடத்தில் இடம் பிடித்தார்கள். அம்மா ஒரு வாளி நிறைய மஞ்சள் நீர் கரைத்து வைத்தார். அண்ணன் உறுமியைத் தோளில் மாட்டினார். அட்டைகளைக் குறிக்கும் பலகை அங்கிருந்து கூப்பிடு தூரம். அதனருகே நான் நின்றுகொண்டேன்.

முதல் சுற்றில் அண்ணி முன்னணியில் வந்தார். அம்மா பக்தியோடு குனிந்து, ஓடும் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விடுபவர்போல் குறிபார்த்து, ஒரு செம்பு மஞ்சள் நீரை அவர் காலில் ஊற்றினார். அண்ணி வழுக்கினார், விழாமலிருக்க ஒரு துள்ளு துள்ளினார். இரண்டு பாதமும் காற்றில் நின்ற அந்தக் கணத்தை நடுவர் ஒருவர் தெளிவாகப் பார்த்தார். பலகையில் முதல் சிவப்புக் குறி விழுந்தது. “கால் சுடுமேன்னு ஊத்துனேன், அதுக்கு அட்டையா?” என்று அம்மா வெகுண்டார். வாளியைப் பறிமுதல் செய்ய வந்த போட்டி அலுவலரின் காலிலும் ஒரு செம்பு ஊற்றிவிட்டுத்தான் கொடுத்தார்.

அடுத்து உறுமி. கோவிலில் ஒருவருக்கு அருள் வரும் அறிகுறி தெரிந்தால் அடி துரிதமாக வேண்டும் என்பது அண்ணன் கற்ற பாடம். அண்ணியின் முகத்தில் வழிந்த வியர்வையை அவர் அவ்வாறே பொருள்கொண்டார். அடி துரிதமாயிற்று, அண்ணியின் கால்களும் தாமாகவே துரிதமாயின. அப்போதுதான் அந்த மஞ்சள் தட்டு உயர்ந்தது. தொடர்ந்து இரண்டாவது சிவப்புக் குறியும் விழுந்தது.

அதன்பின் நிகழ்ந்தது, சுற்றுக்கு ஒரு வாக்கியமாக நடந்த கணவன் மனைவி சண்டை.

“மெதுவா அடிங்க!” என்று கத்தியபடி அண்ணி கடந்து போனார்.

அண்ணன் யோசித்து வைத்திருந்து, அடுத்த சுற்றில் விடையளித்தார். “சாமிக்கே இப்படித்தான் அடிக்கிறேன்!”

அதற்குள் அண்ணி வளைவைத் தாண்டிவிட்டார். மறுமொழி வர இன்னொரு சுற்று ஆயிற்று. “சாமிக்கு யாருங்க சிவப்பு அட்டை குடுக்கறது?”

பேருந்துக் கூட்டம் முழுவதும் சிரித்தது. மேளக் குழுவும் சிரித்தது. அண்ணனின் முகம் கறுத்தது. உறுமியைக் கழற்றிக் கீழே வைத்தார். “இனிமே தொட்டா என்னன்னு கேளு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஒலி நின்றதும் அண்ணியின் நடை குலைந்தது. அந்த அடியை வேண்டாமென்று சொன்ன கால்களே அதைத் தேடித் தடுமாறின. அணியில் அவர் இடத்துக்குக் காத்திருந்த இளம்பெண் அவரைக் கடந்து முன்னே போனாள். அடுத்த சுற்றில் அண்ணி வந்தபோது குரலில் சண்டை இல்லை. “ஏங்க, எதாச்சும் அடிங்க” என்றார். கெஞ்சலாக அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பலகையைச் சுட்டி இரண்டு விரல் காட்டினேன்; பிறகு மூன்றாவதை உயர்த்தி, கூடாதென்று தலையசைத்தேன். புரிந்துகொண்டார்.

எழுந்து உறுமியை மாட்டிக் கண்களை மூடினார். பிறகு எழுந்த அடி, கோவில் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தொடாதது. இளமையில் தோட்டத்துச் சாவு வீடுகளில் பறையடித்தபோது, பாடையைத் தூக்கிச் செல்லும் வழியெல்லாம் அடித்த அடி. ஒன்று விழுந்தபின் நெடிய இடைவெளி, பிறகு மற்றொன்று. அந்த இடைவெளிக்குள் அண்ணி நான்கு எட்டு வைக்கலாம்.

தோட்டத்து மக்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் சிகரெட்டை அணைத்தார். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “அடப் பாவி! உசுரோட நடந்து வர்றவளுக்கா இத அடிக்கிற?”

அண்ணன் கண் திறக்காமலே சொன்னார். “சும்மா இருங்கம்மா. பாடை தூக்கறவன் குதிச்சா பொணம் விழுந்துரும். இந்த அடிக்கு எவன் காலும் தரைய விடாது.”

விடவில்லை. அண்ணி அந்த அடியைப் பற்றிக்கொண்டு வந்தார். பாதங்கள் பசை தடவியவைபோல் தாரில் ஒட்டி ஒட்டி எழுந்தன. நடுவர்கள் காசைத் தொலைத்தவர்கள்போல் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எழுத ஒன்றுமில்லாமல் நிமிர்ந்தார்கள். கடைசிச் சுற்றில் இளம்பெண்ணின் மூச்சு தளர்ந்தது, அண்ணி கடந்தார். சாலையின் இருபுறமும் எங்கள் மக்கள் கைகட்டித் தலைகுனிந்து நிற்க, இவ்வளவு மரியாதையான மௌனத்தில் எந்த வீராங்கனையும் வெற்றிக்கோட்டைத் தாண்டியிருக்க மாட்டார். தாண்டிய பிறகும் மௌனம் கலையவில்லை. முழங்காலைப் பற்றி மூச்சிரைத்துக்கொண்டே அண்ணிதான் கத்தினார்.

“கை தட்டுங்கலா! நான் இன்னும் சாகல!”

அன்று மாலை வீட்டு வாசலில் அம்மா அவரை மறித்தார். அந்த மேளத்தோடு நடந்து வந்தவர் குளிக்காமல் உள்ளே வரக் கூடாதாம். மாநில வாகையர் பின்புறக் குழாயடியில் தலைமுழுகினார். “கழுத்துல கெடக்கற பதக்கத்தையும் சேத்து நனை” என்று அம்மா அருகில் நின்று மேற்பார்வையிட்டார்.

இப்போது அண்ணி போட்டிகளுக்குப் போவதில்லை. செங்கில் ஒரு திடலில், காலை வேளைகளில், மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேகநடை கற்றுத் தருகிறார். உறுமியின் பாரத்தை அண்ணனின் தோள் இனித் தாங்காது; முன்பு அவர் அடித்த அந்தச் சாவு அடியைக் கைப்பேசியில் பதிந்து வைத்து ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். வேகநடைக்கென்றே உலகெங்கும் உள்ள இசை அதுதான் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள்.

சென்ற வாரம் அண்ணனோடு திடலோரம் அமர்ந்திருந்தேன். மோட்டாரில் வந்த தமிழர் ஒருவர் ஒலியைக் கேட்டு வேகத்தைக் குறைத்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். திடலில் வியர்வையோடு விரையும் பிள்ளைகளைக் குழப்பத்தோடு பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார். “எப்பங்க எடுக்கறாங்க?”

நான் வாய் திறக்குமுன், பிள்ளைகளை முடுக்கிக்கொண்டு எங்களைக் கடந்த அண்ணி விடை சொன்னார். “இன்னும் ஆறு சுத்து இருக்குண்ணே!”

வந்தவர் பணிவோடு தலையசைத்தார். வண்டியை ஓரங்கட்டி, தலைக்கவசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆறு சுற்றும் முடியும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.