மாப்பிள்ளை அனுப்பிய பங்கு

மனைவியை இழந்தவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். மனைவி அமெரிக்கா போனவனுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் வருவார்கள். மகளுக்குப் பிரசவம் பார்க்க என் மனைவி ஆறு மாத விசாவில் கிளம்பிப்போனதும், டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டித் தமிழர்கள் ஒவ்வொருவராக வந்து, "தாத்தா ஆகப்போறீங்க சார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. நானும் ஈ என்று இளித்து வைத்தேன். ஓய்வு பெற ஒரு வருடமே மிச்சமிருந்த மத்திய அரசு ஊழியனுக்கு யார் ஆறு மாதம் லீவு கொடுப்பார்கள்? அதனால் அவள் போனாள், நான் இருந்தேன்.

வாரத்தில் ஐந்து நாளைப் பற்றிக் கவலையில்லை. மெட்ரோவும் ஆபீஸும் அவற்றைத் தின்றுவிடும். சனிக்கிழமைதான் என்னைப் போட்டு அடித்தது. காலையில் எழுந்து பால் வாங்கி வந்து, காபி போட்டுக் குடித்து, அந்த ஒற்றைத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் மணி ஏழு. வெளியே பனிமூட்டத்தில் எதிர் பிளாக் தெரியாது. அதற்குப் பிறகு படுக்கப்போகும் வரைக்கும் நான் வாயைத் திறந்து பேச வேண்டிய அவசியமே கிடையாது. ஒரு சனிக்கிழமை மாலை கீழே இறங்கிக் காய்கறி வண்டிக்காரரிடம் விலை கேட்கப் போனேன். தொண்டையிலிருந்து குரல் வரவில்லை. இரண்டு முறை கனைத்த பிறகுதான் வந்தது. அன்றைக்கு எனக்குப் பயமாகிவிட்டது.

மனைவி தினமும் போன் செய்வாள். திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருடமாகியும் அவள் பேச்சு மாறவில்லை. "என்னத்த சாப்ட்டிய? பருப்புப்பொடி தீந்துட்டா? மாத்திரை போட்டியளா?" என்பாள். எல்லாவற்றுக்கும் ஒரே "ஆமா"தான் சொல்வேன். அதற்குள் அங்கே யாராவது அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஐம்பத்தொன்பது வயது ஆள் அதை எந்த முகத்தோடு சொல்வது?

இதில் மாப்பிள்ளை எங்கே வந்தார் என்று சொல்ல வேண்டும். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி நாலு வருடத்தில் அவரும் நானும் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட்கார்டில் எழுதிவிடலாம். அவர் ஹாலுக்குள் வந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். நான் எழுந்து நிற்பதைப் பார்த்து அவரும் உட்கார மாட்டார். இரண்டு பேரும் நின்றுகொண்டே முழு கிரிக்கெட் மேட்ச் பார்த்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் மாமனார் மாப்பிள்ளை மரியாதை அப்படி.

அதற்கு முந்தைய கோடையில் மகளோடு வந்திருந்தபோது நான் டிவியில் செய்திச் சண்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடிப்பதைக் கவனித்திருக்கிறார். கிளம்புகிற அன்று, "மாமா, என் பழைய லேப்டாப் இங்கயே இருக்கட்டும். ஒரு கேம் போட்டிருக்கேன். ஸ்பேஸ்ல டிரேடிங். சண்டை வேணாம்னா போட வேணாம். டிரை பண்ணிப் பாருங்க" என்று நின்றபடியே சொன்னார். "ஆகட்டும் மாப்ள" என்று நானும் நின்றபடியே சொன்னேன். குரல் வராமல் போன சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமைதான் அதைத் திறந்தேன்.

விளையாட்டில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விண்வெளியில் ஆங்காங்கே நிலையங்கள் மிதந்துகொண்டிருக்கும். ஒன்றில் தானியம் மலிவு, இன்னொன்றில் இரும்பு மலிவு. மலிவான இடத்தில் வாங்கித் தட்டுப்பாடான இடத்தில் விற்றால் லாபம். அந்தக் காசுக்குக் கிரெடிட் என்று பெயர். காசு சேர்ந்தால் பெரிய கப்பல், பெரிய கப்பலில் இன்னும் அதிகச் சரக்கு. எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் கப்பல் எட்டு டன்தான் கொள்ளும். அதை ஒரு நிலையத்தின் வாசலில் இரண்டு முறை மோதி உடைத்தேன்.

மூன்றாவது முறை மோதப்போகிற நேரத்தில் திரையின் ஓரத்தில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. இங்கே சனி காலை என்றால் அவர் ஊரில் வெள்ளி இரவு. ஹெட்போனில் குரல் வந்தது.

"அரே மாமா! நீங்களா? பிரேக், பிரேக்! ஜல்தி!"

பழக்கதோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கப்பல் மோதிச் சுக்குநூறானது. என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நாலு வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு சனிக்கிழமை ஏழரை மணிக்கெல்லாம் குளித்து, நெற்றிக்கு இட்டு, ஹெட்போனோடு தயாராக இருப்பேன். கண்ணெதிரே ஆள் இல்லாததால் எழுந்து நிற்கிற தொல்லை இல்லை. அவர் தன் பெரிய கப்பலை ஓட்டிக்கொண்டு முன்னால் போவார், நான் என் டப்பாவோடு பின்னால் போவேன். கொள்ளைக்காரன் துரத்தினால், "ஓடுங்க மாமா, ஓடுங்க!" என்று கத்துவார். ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச்சேர எட்டுப் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆபீஸில் யார் அவரைப் படுத்துகிறார்கள் என்று சொல்வார். பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது, வீட்டில் சொல்ல முடியவில்லை என்றார். நான் டெல்லிக்கு வந்த புதிதில் கோல் மார்க்கெட்டில் ஓர் அறையில் நாலு பேராகக் கிடந்ததையும், முதல் குளிர்காலத்தில் ஊருக்கே ஓடிவிடலாமா என்று அழுததையும் சொன்னேன். என் மகளுக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை.

வியாபாரம் எனக்குப் பிடிபட்டதுதான் ஆச்சரியம். கொள்முதல் பிரிவில் முப்பது வருடம் அடுத்தவன் டெண்டருக்கு நோட் எழுதியவன் நான். சொந்தமாக ஒரு முழம் பூ வாங்கி விற்றதில்லை. ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒட்டியிருக்கிற நோட்டீஸ் எதையும் படிக்காமல் நகர மாட்டேன். சர்க்குலர் என்றால் அடியில் நகல் யார் யாருக்கு என்பது வரை படிப்பேன். அந்த விளையாட்டில் ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. மாப்பிள்ளை அதைத் திறந்ததே இல்லை. "அதெல்லாம் யார் மாமா படிப்பா?" என்றார். "நான் படிப்பேன்" என்றேன்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் இருந்ததால் மாப்பிள்ளை வெள்ளி இரவுகளில் எப்படியோ ஒரு மணி, இரண்டு மணி நேரம் வந்துகொண்டிருந்தார். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பலகையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி பார்த்தேன். தொலைவில் ஒரு சுரங்க நிலையத்தில் காய்ச்சல் பரவியதால் யாரும் இறங்கக் கூடாது என்று தடை. அந்தத் தடை இன்னும் ஒரு மணி நேரத்தில் விலகுகிறது. இத்தனை நாள் ஒருவரும் உள்ளே போகவில்லை என்றால், கதவு திறந்ததும் மருந்து என்ன விலைக்குப் போகும்?

"மாப்ள, கப்பல் நிறைய மருந்து ஏத்துங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஷ்யூரா மாமா? மொத்தப் பணமும் மாட்டிக்கும்."

"ஏத்துங்கன்னா ஏத்துங்க!"

மாப்பிள்ளையை அதட்டிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மருந்தை ஏற்றினார். தடை விலகியபோது வாசலில் எங்கள் இரண்டு கப்பல்கள்தான் நின்றன. வாங்கியதற்கு எட்டு மடங்கு விலை. அவர் மூன்று மாதம் ஓட்டிச் சம்பாதிக்கிற காசு ஒரே காலையில் வந்து கொட்டியது. "மாமா, நீங்க ஜீனியஸ்!" என்று கத்திக்கொண்டு அவர் மேஜையைத் தட்டுவது எனக்குக் கேட்டது. குழந்தை எழுந்துவிடும் என்று பின்னால் என் மனைவி அதட்டியதும் கேட்டது. அந்த நிமிடம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

சற்று நேரத்தில் என் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பன்னிரண்டு லட்சம் கிரெடிட், அவர் லாபத்தில் சரிபாதி. ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தான், திருப்பி அனுப்ப ஒரு பொத்தான்.

"உங்க பங்கு மாமா. ஐடியா உங்களோடதுதான" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பெண்ணைக் கொடுத்தவன் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, பிள்ளை பிறந்தால், காது குத்தினால். மாப்பிள்ளை கையிலிருந்து காசு வாங்கினான் என்ற பேச்சு மட்டும் வரக் கூடாது. கோடையில் ஹோட்டலில் அவர் எடுத்த பில்லைக் கையிலிருந்து பிடுங்கிக் கட்டியவன் நான். என் அப்பாவும் அப்படித்தான். விளையாட்டுக் காசுதானே என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. திருப்பி அனுப்பினேன். அதோடு விட்டேனா? அன்றைக்கு என் டப்பாவில் நான் சம்பாதித்த ஒரு லட்சத்தையும் சேர்த்து அனுப்பி, "பேத்திக்குத் தாத்தா சீர்" என்று சொல்லிவிட்டு, பெரிய மனிதனாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.



"டீக் ஹை மாமா" என்றார். "நீங்க சொன்னா சரி. பாப்பா அழறா, நான் கெளம்பறேன்."

அழுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பச்சைப் புள்ளி அணைந்தது.

அடுத்த சனிக்கிழமை அது எரியவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீடு, தூக்கம் கெட்டிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு தனியாக ஓட்டினேன். எங்கே விளைச்சல் கெட்டது, எங்கே வேலைநிறுத்தம், எங்கே புதிதாகக் குடியேற வருகிறார்கள் என்று பலகை பலகையாகப் படித்தேன். காசு மழையாகக் கொட்டியது. நாலைந்து வாரத்தில் மாப்பிள்ளையுடையதைவிடப் பெரிய கப்பல் வாங்கிவிட்டேன். ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் இன்னோர் இருக்கை வைத்த கப்பல். கொள்ளைக்காரர்கள் துரத்தினார்கள். ஓடுங்க என்று சொல்ல ஆள் இல்லாமல் நானாக ஓடினேன். பத்து நிமிடப் பயணம் முழுவதும் இன்ஜின் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது. மனைவி கிளம்பிப்போனபோதுகூட நான் அவ்வளவு தனியாக உணரவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் மனைவி வழக்கத்தை விட்டு, சாப்பிட்டதைக் கேட்காமல் ஆரம்பித்தாள்.

"மாப்ளகிட்ட என்னத்த சொன்னிய?"

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே."

"என்னமோ விளையாட்டுல அவரு உங்களுக்குக் குடுத்தாராம். நீங்க திருப்பி விட்டெறிஞ்சிட்டியளாம். நம்ம மவகிட்ட சொல்லிட்டிருந்தாரு, என் காதுல விழுந்துது. நாலு வருசம் கழிச்சு இப்பத்தான் மாமா ஃப்ரெண்டு மாதிரி பேசுதாருன்னு இருந்தேன், மறுபடியும் என்னய மாப்பிள்ளையாக்கிட்டாருன்னு சொல்லுதாரு."

"விட்டெறியல. முறையத்தான் செஞ்சேன்."

"நல்லாச் செஞ்சிய" என்று வைத்துவிட்டாள்.

வலிய வந்த சீதேவியைக் காலால் உதைப்பது என்பார்கள். உதைத்ததோடு மேலே ஒரு லட்சமும் வைத்து அனுப்பியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். முதலில் அவர் மேல் கோபம் வந்தது, மாமனார் மாப்பிள்ளை முறை தெரிய வேண்டாமா என்று. பிறகு என் மேல் வந்தது. மூன்று வாரம் இந்தக் கோபத்துக்கும் அந்தக் கோபத்துக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை நம்பருக்கு நான் ஒருநாளும் போன் செய்ததில்லை. எதுவானாலும் மகள் மூலமாகத்தான். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஏழரைக்குச் செய்தேன்.

"க்யா ஹுவா மாமா? உடம்பு சரியில்லையா?" என்று பதறினார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மாப்ள. அன்னைக்கு ஒரு பங்கு அனுப்புனீங்கல்லா..." போனை மறு கைக்கு மாற்றினேன். "அது எனக்கு வேணும். அனுப்புவீங்களா?"

நான் பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை.  

"அச்சா மாமா" என்றார். "லேப்டாப்ப ஆன் பண்ணுங்க. இப்பவே அனுப்பறேன்."

ஓடிப்போய் உட்கார்ந்தேன். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். புதுக் கப்பலைக் காட்ட வேண்டும், பக்கத்து இருக்கையில் ஏறச் சொல்ல வேண்டும். பெட்டி வந்தது. பன்னிரண்டு லட்சம் இல்லை. எழுபது லட்சத்துச் சொச்சம்.

"மாப்ள, தப்பா அனுப்பிட்டீங்க போலிருக்கே."

"இல்ல மாமா, எல்லாமே அனுப்பிட்டேன். ஷிப்பையும் வித்தாச்சு. பாப்பா வந்தப்பறம் எனக்கு டைம் எங்க? அக்கவுண்ட்ட க்ளோஸ் பண்ணிடலாம்னு ஒரு மாசமா நெனச்சிட்டிருந்தேன். யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியல. நீங்களே கேட்டது நல்லதாப் போச்சு."

"அதுக்கில்ல மாப்ள, நான் கேட்டது..."

"இந்தத் தடவ திருப்பாதீங்க மாமா, ப்ளீஸ்" என்று சிரித்தார். மனதாரச் சிரித்தார். அவருக்கு என் மேல் துளிக் கோபம் மிச்சமில்லை. இருந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். இப்போது குழந்தை நிஜமாகவே அழுதது. "நான் வரேன் மாமா, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார்.

ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தினேன். தொகை என் கணக்கில் ஏறியது. சற்று நேரம் கழித்து அவர் பெயரைத் தேடினேன். அப்படி யாரும் இல்லை என்று வந்தது. அவ்வளவையும் திருப்பி அனுப்பலாம் என்றால்கூட, வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.