முன்கேட்டைப் பற்றி நான் சொன்ன பொய்

மாடம்பாக்கம் போகும் சாலையில் இருந்த ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஒன்பது வருடம் ஆங்கிலம் எடுத்தேன். வீடு சிட்லபாக்கத்தில். என் மகன் படித்தது வேறு பள்ளி. டை கட்டிக்கொண்டு வேனில் போவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்ததுபோல் ஆகும். மறைத்தவரைக்கும் போதும்.

பள்ளிக்குக் கட்டடம் என்று இருந்தது ஒரு ஓட்டுக் கொட்டகையும் இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் அறைகளும்தான். மழை வந்தால் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் அடைப்போம். கரும்பலகையின் இடது பாதியில் நான் எழுத, வலது பாதியில் கணக்கு ஆசிரியை எழுதுவார். ஒருநாள் ஓடு ஒன்று சரிந்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாய்க்குப் பக்கத்தில் விழுந்து சிதறியது. யாருக்கும் அடியில்லை. அன்று மாலையே தலைமையாசிரியை மேலிடத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார். புதுக் கட்டடம் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. நிதி இல்லை என்ற ஒரே பதில்தான் எல்லாவற்றுக்கும் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ஏரிக்கரை வரைக்கும் அடுக்குமாடிகள் எழும்பின. அப்படிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் பள்ளியைத் தேடி வந்தது. எட்டு வகுப்பறை, கழிப்பறை, ஆய்வுக்கூடம் எல்லாம் தங்கள் செலவில் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். பதிலுக்குப் பள்ளி நிலத்தில் கொஞ்சம் அவர்களுக்குக் குத்தகைக்கு வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் திட்டம் என்று மேலிடத்திலும் தலையாட்டிவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டியதுதான் பாக்கி.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதிக் கூட்டத்தில் படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது; தலைமையாசிரியையும் என் தமிழைத்தான் நம்பியிருந்தார்.

"ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டீச்சர், போதும்" என்றார் தலைமையாசிரியை. எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. நிறுவனத்தின் மேலாளரும் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம், "மேடம் மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான் எங்க வேலை சுலபமாகுது" என்பதுதான். அந்த ஒரு வரியை இரண்டு நாள் மனதுக்குள் வைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்த்தபோது ஏழாவது பக்கத்தில் அந்தப் பிரிவு வந்தது. சாலையை ஒட்டிய முன்பகுதி, வாசல் கேட்டோடு சேர்த்து, முப்பது ஆண்டு நிறுவனத்துக்கு. பள்ளிக்கு இனி வழி பின்பக்கம், ஏரிச் சந்து வழியாக. மூன்று முறை படித்தேன். ஒரு பக்கம் குப்பையும் மறுபக்கம் மூடாத கால்வாயுமாக இருக்கும் அந்தச் சந்து எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். இதை அப்படியே படித்தால் கூட்டம் கலைந்துவிடும், கட்டடம் போய்விடும் என்று தோன்றியது. பேனாவை எடுத்து எழுதினேன்: "பணிகள் நடைபெறும் காலத்தில் முன்வாசல் பயன்பாட்டில் இருக்காது."

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. நூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். நான் படித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்து நின்றார். கோவளம் பக்கத்துக் கடலோர ஊரில் பிறந்தவர். இரும்புலியூரில் குடியிருந்துகொண்டு, மீன் கூடையோடு எங்கள் சாலையில் உட்காருவார். அவர் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். வேல முடிஞ்சப்புறம் அந்த கேட்டு திரும்பி நம்மளுக்கே வந்துடும்ல?"

"வந்துடும்மா" என்றேன்.

"பேப்பர்ல அப்டித்தான் எழுதிக்கீதா?"

"ஆமாம்மா."

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. தீர்மானப் புத்தகம் வரிசையாகக் கைமாறிப் போனது.

கட்டடம் நன்றாகத்தான் வந்தது. அதைச் சொல்லாமல் இருப்பதும் பொய்தான். காற்றோட்டமான அறைகள், ஒழுகாத கூரை, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை. திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்கேட் இருந்த இடத்தில் அப்போதே அஸ்திவாரம் தோண்டியிருந்தது. அடுத்த வருடம் அங்கே வரிசையாகக் கடைகள். சாலையில் போகிறவர்களுக்கு அங்கே ஒரு பள்ளி இருப்பதே தெரியாது.

பிள்ளைகள் ஏரிச் சந்து வழியாக வரத் தொடங்கினார்கள். திறப்பு விழா நடந்த அந்த வருடமே, கடைகள் எழும்பும் முன், ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, சந்து எது கால்வாய் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. அந்த மீன்காரப் பெண்ணின் மகள் கால்வாயில் விழுந்தாள். பின்னால் வந்த ஒரு பால்காரர் தூக்கிவிட்டார். வலது கை எலும்பு முறிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கு வந்தார். வராந்தாவில் அவர் குரல் கேட்டது.

"முட்டி வரிக்கும் தண்ணி கீது. பசங்க எப்டி வரும்? வேலதான் முடிஞ்சிடுச்சே, கேட்ட எப்ப தொறப்பாங்க?"

நான் ஆசிரியர் அறைக்குள் இருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகாமல், விடைத்தாள் திருத்துவதுபோல் குனிந்துகொண்டேன். தலைமையாசிரியை, "நீங்க ஆபீஸ்லதான் மனு கொடுக்கணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கதவின் கீழ் இடைவெளியில் அந்தப் பெண்ணின் ஈரச் செருப்பு போவதைப் பார்த்தேன்.

அந்தப் பெண் குழந்தை மாவுக்கட்டோடு என் வகுப்பில் உட்கார்ந்து இடது கையால் ஆங்கில எழுத்துகளை எழுதினாள். கோணல்மாணலாக வந்தது. "பரவால்லியா டீச்சர்?" என்று நோட்டை நீட்டுவாள். அவள் முகத்தைப் பார்த்து 'குட்' என்று எழுத என்னால் முடியவில்லை. நோட்டை மட்டும் பார்த்து எழுதினேன். அப்படி மூன்று வாரம்.

பிறகு ஒருநாள் ஏழாவது பக்கத்தை மறுபடி மொழிபெயர்த்தேன், இந்த முறை சொல்லுக்குச் சொல். தலைமையாசிரியையிடம் காட்டினேன். அவர் என் பழைய தாளையும் இதையும் அருகருகே வைத்துப் படித்தார்.

"எனக்கு ஏன் அன்னிக்கே சொல்லல?"

"கட்டடம் வராம போயிடும்னு நெனச்சேன் மேடம்."

"முடிவு பண்றதுக்கு நீங்க யாரு?"

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தடை சொல்லவில்லை.

அன்று முப்பது பேர்தான் இருந்தார்கள். ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று, முதலில் உண்மையான பிரிவைப் படித்தேன். பிறகு, நான் அன்று படித்தது நானே மாற்றி எழுதியது, யாரும் சொல்லிச் செய்யவில்லை என்றேன். யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு ஆட்டோக்காரர் மட்டும், "படிச்சவங்களே இப்டி பண்ணா இன்னா பண்றது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அந்தப் பெண் எழுந்தார்.

"அன்னிக்கு நான் கேட்டப்போ உங்க கையில இருந்தது இதே பேப்பர்தானா?"

"இதே பேப்பர்தான்."

"தெரிஞ்சிக்கினேதான் ஆமான்னீங்க."

"ஆமா."

"எம் பொண்ணு வூட்ல எப்பவும் உங்கள பத்திதான் பேசும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்றே மனு எழுத முடிவு செய்தார்கள். எழுதித் தருகிறேன் என்றேன், அதற்கு ஒப்புக்கொண்டார்கள். கால்வாயை மூட வேண்டும், முன்பக்கம் பிள்ளைகள் நடக்க வழி விட வேண்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும் தாளை வாங்கி, ஆட்டோக்காரரிடம் கொடுத்து ஒரு வார்த்தை விடாமல் உரக்கப் படிக்கச் சொன்னார் அந்தப் பெண். அவர் படித்து முடிக்கும் வரை நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் பேனாவைத் திறந்தேன். அந்தப் பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களுது வேணாம் டீச்சர். இது நாங்க கேக்குறது."

மழைக்காலம் முடிவதற்குள் அதிகாரிகள் கால்வாய்க்கு மூடி போட்டார்கள். வழி கேட்டதற்கு மட்டும் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். இரண்டு வருடம் அலைந்து, கடைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் அகலத்தில் ஒரு பாதையைப் பெற்றோர்கள் போராடி வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் எனக்குத் தாம்பரம் பக்கத்தில் வேறு பள்ளிக்கு மாற்றல் ஆகியிருந்தது. பேருந்தில் அந்த வழியாகப் போகும்போது பாதை கண்ணில் பட்டிருக்கிறது. இறங்கி ஒருமுறை உள்ளே நடந்து பார்க்கலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. இதுவரை இறங்கியதில்லை.